வெரிகோசீல்: எந்த ஆபரேஷன் என்று கேட்பதற்கு முன்னால்

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் காகிதத்தில் அந்த வரி பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்: "இடப்பக்க வெரிகோசீல், கிரேடு 2." கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் ஆகியும் குழந்தை இல்லை. நம் வீடுகளின் வழக்கப்படி மனைவிக்கு எல்லா டெஸ்டும் எடுத்து முடித்தாயிற்று. "எதற்கும் அவருக்கும் ஒருதடவை பார்த்துவிடலாமே" என்று டாக்டர் சொன்ன பிறகு வேண்டாவெறுப்பாக வந்த கணவரின் கையில் இப்போது அந்தக் காகிதம். அன்று ராத்திரியே போனில் தேட ஆரம்பிப்பார். ஒரு வாரத்துக்குள் மூன்று விதமான யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். யூராலஜி டாக்டர், மைக்ரோசர்ஜரி செய்துவிடலாம் என்பார். குழந்தையின்மை சிகிச்சை மையத்தில், அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், நேரே இக்ஸி (ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் கருவாக்கும் முறை) போய்விடலாம் என்பார்கள். கத்தியே படாமல் ரத்தக்குழாய் வழியாகவே அடைத்துவிடலாம் என்று ஒரு விளம்பரம் சொல்லும்.

மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்குச் சொல்ல வேண்டிய யோசனைகள் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் இது என்ன நோய் என்று பார்த்துவிடலாம். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சில் நரம்பு என்கிறோமே தவிர அது சிரை, அதாவது ரத்தம் இதயத்துக்குத் திரும்பிப் போகும் குழாய். மேலே ஏறிய ரத்தம் மறுபடி கீழே இறங்கிவிடாதபடி அதற்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. வால்வு பழுதானால் ரத்தம் தேங்கும், குழாய் வீங்கிச் சுருளும். இதே சங்கதி விதைப்பைக்குள் நடந்தால் அதற்குப் பெயர் வெரிகோசீல்.

பெரும்பாலும் இது இடப்பக்கத்தில்தான் வரும். காரணம், குழாய்கள் இணைந்திருக்கும் விதம். வலது விரையின் சிரை, வயிற்றின் நடுவே ஓடும் பெருஞ்சிரையில் சாய்வாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடது விரையின் சிரை அதைவிட நீளம். சிறுநீரக உயரம் வரை ஏறிப்போய், இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாக முட்டுகிறது. சிலருக்கு அந்தச் சிறுநீரகச் சிரையே இரண்டு தமனிகளுக்கு நடுவில், பாக்குவெட்டியில் மாட்டிய பாக்கு மாதிரி நசுங்கியிருக்கும். அத்தனை உயரத்திலிருந்து ரத்தத்தின் பாரம் கீழே இறங்கினால் விதைப்பைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் என்ன செய்யும்? (வலப்பக்கத்தில் மட்டும் திடீரென்று பெரிதாக வந்தாலோ, படுத்தாலும் வடியாமல் இருந்தாலோ விஷயம் வேறு. வயிற்றுக்குள் கட்டி ஏதாவது சிரையை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.)

விந்தணு உற்பத்திக்கு உடம்பைவிட இரண்டு டிகிரி போலக் குறைந்த சூடு வேண்டும். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே அதற்காகத்தான். தேங்கிய ரத்தம் அந்த இடத்தைச் சூடாக்குகிறது. கூடவே, தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்ந்து விந்தணுவின் சுவரையும் உள்ளே இருக்கும் டிஎன்ஏவையும் சேதப்படுத்துகின்றன. எண்ணிக்கை குறைவது, ஓட்டம் மந்தமாவது, வடிவம் கெடுவது எல்லாம் இதன் விளைவுகள்.

இனி ஒரு கணக்கு. எந்த ஊரிலும் 100 ஆண்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தால் சுமார் 15 பேருக்கு வெரிகோசீல் இருக்கும். குழந்தையின்மைக்காக டாக்டரிடம் வரும் 100 ஆண்களைச் சோதித்தால் 35 முதல் 40 பேருக்கு இருக்கும். இரண்டாவது எண்ணை மட்டும் பார்த்தால் இதுதான் வில்லன் என்று தோன்றும். முதல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அந்த 15 பேரில் பெரும்பாலானவர்கள் பிள்ளை பெற்றவர்கள். தனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. அதனால் வெரிகோசீல் இருக்கிறது என்பது ஒரு தகவல். குழந்தை தங்காததற்கு அதுதான் காரணமா என்பது தனிக் கேள்வி.

கையில் தட்டுப்படுகிறதா?

இந்தத் தனிக் கேள்விக்கு முதல் பதில் ஸ்கேனில் கிடைக்காது, டாக்டரின் விரல்களில்தான் கிடைக்கும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பரிசோதனை இப்படித்தான் நடக்கும்: அறை கொஞ்சம் கதகதப்பாக இருக்க வேண்டும், ஏசி குளிரில் விதைப்பை சுருங்கிக்கொள்ளும். நோயாளி நிற்க வேண்டும், படுக்கக் கூடாது. படுத்தால் தேங்கிய ரத்தம் வடிந்து, இருப்பதும் இல்லாததுபோல் ஆகிவிடும். நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிந்தால் கிரேடு 3. கண்ணுக்குத் தெரியாமல் தொட்டால் தட்டுப்பட்டால் கிரேடு 2. மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னால் மட்டும் விரலுக்குக் கீழே புடைத்தால் கிரேடு 1. துணிப்பைக்குள் மண்புழுக்களைப் போட்டு வெளியிலிருந்து தடவினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தத் தர வரிசையை 1970இல் டூபின், அமெலார் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் வகுத்தார்கள். இன்றுவரை அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த மூன்றிலும் சேராமல், கைக்கு ஒன்றுமே தட்டுப்படாமல், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரியும் வகை ஒன்று உண்டு. அதை ஆபரேஷன் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கமும் அங்குள்ள இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் கருத்தும் ஏறக்குறைய இதுதான். கையில் தட்டுப்பட வேண்டும், விந்துப் பரிசோதனையில் குறை இருக்க வேண்டும், தம்பதிக்குக் குழந்தை தங்காமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஆபரேஷன் பேச்சையே எடுக்க வேண்டும். ஸ்கேனில் பார்த்து எழுதிய கிரேடை மட்டும் வைத்துக்கொண்டு, ஆளை நிற்கவைத்துத் தொட்டுக்கூடப் பார்க்காமல் யாராவது தேதி குறித்தால், அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவதில் தப்பே இல்லை.

விந்துப் பரிசோதனையிலும் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இருந்துவிட்டு, சில வாரம் தள்ளி இரண்டு முறையாவது எடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கே இந்த எண்கள் ஏறி இறங்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் கடும் காய்ச்சலில் கிடந்திருந்தால்கூட ரிப்போர்ட் படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்புப்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணுக்கள், அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். நான்கு சதவீதமா என்று அதிர்ச்சி அடைய வேண்டாம், இந்த விஷயத்தில் இயற்கை அவ்வளவுதான் கறார்.

இந்த எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிடப் பெருக்கிப் பார்ப்பது நல்லது. ஒருவருடைய ரிப்போர்ட்டில் அளவு 2 மில்லி, மில்லிக்கு 1.2 கோடி, அசைவு 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2.4 கோடி, அதில் ஓடக்கூடியவை 84 லட்சம். சிகிச்சை முடிவுகள் பலவும் இந்தக் கடைசி எண்ணைச் சுற்றித்தான் நடக்கும். ஐயூஐ, அதாவது விந்துவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்தும் முறை, ஓரளவு பலன் தர வேண்டுமானால் சுத்தம் செய்த பிறகும் ஓடக்கூடியவை 50 லட்சமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போகப்போக வாய்ப்பு குறையும். அங்கிருந்துதான் உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப், இக்ஸி என்று பேச்சு போகும்.

ஆபரேஷன் இந்த எண்ணை எவ்வளவு நகர்த்தும்? 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், ஆபரேஷனுக்குப் பிறகு சராசரியாக மில்லிக்கு ஒரு கோடி போல எண்ணிக்கையும், பத்துப் புள்ளி போல அசைவும் கூடியிருந்தது. மேலே சொன்ன ஆளுக்கு அந்தச் சராசரியே வாய்த்தால் 84 லட்சம் ஏறக்குறைய 2 கோடியாகிவிடும். ஐயூஐ வேலை செய்யுமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், வீட்டிலேயே முயன்று பார்க்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிடுவார். மில்லிக்கு 10 லட்சம் மட்டுமே இருந்த ஒருவருக்கு அதே ஆபரேஷன் அவ்வளவு தூரம் கைகொடுக்காமல் போகலாம். சராசரி என்பது எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆண்களுக்கு ஆபரேஷன் நன்றாகவே முடிந்தும் ரிப்போர்ட்டில் குறிப்பிடும்படி எதுவும் மாறுவதில்லை.

அடைக்கும் வழிகள்

சரி, வழிகளுக்கு வருவோம். எந்த முறையானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: பின்னோக்கி ஓடும் சிரைகளை அடைத்துவிட வேண்டும். ரத்தம் நல்ல வால்வு உள்ள வேறு வழிகளில் திரும்பிப் போய்க்கொள்ளும். எங்கே வெட்டி, எதை அடைத்து, எதை விட்டுவைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பழைய வழி, வெறும் கண்ணால் பார்த்துச் செய்யும் திறந்த ஆபரேஷன். இடுப்பு மடிப்பருகே வெட்டிச் செய்யும் முறையை அர்ஜென்டினாவின் இவானிசெவிச் 1918இல் விவரித்தார். அதற்கும் மேலே, வயிற்றுப் பக்கம் வெட்டி, கண்ணில் படும் குழாய்களை மொத்தமாகக் கட்டிவிடும் முறை 1949இல் பலோமோ சொன்னது. ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிடும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் மொத்தமாகக் கட்டும்போது நிணநீர்க் குழாய்களும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். வடிய வேண்டிய நீர் விதைப்பையிலேயே தேங்கி, ஊரில் ஓதம் என்கிறார்களே, அந்த ஹைட்ரோசீல் வரும். 2009இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி பலோமோ முறையில் வெரிகோசீல் திரும்ப வந்தது சுமார் 15 சதவீதம் பேருக்கு, நீர் தேங்கியது 8 சதவீதம் பேருக்கு. அதே தொகுப்பில், சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்கு முறையே சுமார் 4, 3 சதவீதம். நுண்ணோக்கி வைத்துச் செய்யும் மைக்ரோசர்ஜரிக்கு ஏறக்குறைய 1 சதவீதமும் அரை சதவீதமும்.

இந்தக் கடைசி எண்கள் எப்படிச் சாத்தியமாகின்றன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அரைக்குக் கீழே, விதைப்பைக்குச் சற்று மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு. தசையைக் கிழிப்பதில்லை, அதனால் வலியும் குறைவு. விரையைத் தாங்கும் கயிறு போன்ற பகுதியை வெளியே எடுத்து, மேலே உறையைப் பிரித்து, பத்து முதல் இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நுண்ணோக்கியைத் திருப்புவார்கள். உள்ளே ஒரு சின்னக் காடு. சிரைகள் நீலமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். அவற்றுக்கு நடுவே சேமியா தடிமன்கூட இல்லாத ஒரு தமனி. விரைக்குப் போகும் முக்கியமான ரத்த வரவு அதுதான். பக்கத்தில் கண்ணாடி இழை மாதிரி, உள்ளே தண்ணீர் நிறத்தில், நிணநீர்க் குழாய்கள். வெறும் கண்ணுக்கு இந்தக் குழாய்கள் தெரியவே தெரியாது. தமனியின் துடிப்பு சில நேரம் பயந்ததுபோல அடங்கிவிடும். அப்போது குழாயை விரியவைக்கும் மருந்தை ஒரு சொட்டு விடுவார்கள், அல்லது பேனா முனை போன்ற டாப்ளர் கருவியை வைத்துக் கேட்பார்கள். துடிப்புச் சத்தம் வரும் குழாயை ஒதுக்கி வைத்துவிட்டு, சிரைகளை ஒவ்வொன்றாக நூலால் கட்டி அறுப்பார்கள். விந்துக்குழாயையும் அதோடு ஒட்டிய சிரைகளையும் தொடுவதில்லை, ரத்தம் திரும்புவதற்கு அந்த வழி வேண்டும்.

இந்த முறையை 1985இல் மார்மரும், 1992இல் நியூயார்க்கின் மார்க் கோல்ட்ஸ்டைனும் எழுதிய கட்டுரைகள் பரவலாக்கின. இன்று யூராலஜி வட்டாரத்தில் முதல் தேர்வு இதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பும், மற்ற ஆபரேஷன் முறைகளைவிட மைக்ரோசர்ஜரியில் கருத்தரிப்பு சற்றுக் கூடுதலாகவும், திரும்ப வருவது ஏறக்குறைய பாதியாகவும் இருக்கக்கூடும் என்றது. ஆனால் ஒன்று. அந்த 1 சதவீதம் என்பது இதையே தொழிலாகச் செய்கிற கைகளின் கணக்கு. நுண்ணோக்கி அறையில் இருப்பது வேறு, அதில் கை படிந்திருப்பது வேறு. மூக்குக்கண்ணாடியில் மாட்டிய சின்ன லென்ஸை வைத்துச் செய்துவிட்டு அதையும் மைக்ரோசர்ஜரி என்று பில்லில் போடுவது உண்டு. "நுண்ணோக்கியிலா செய்வீர்கள்? மாதம் எத்தனை செய்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கத்தி படாத வழி, எம்போலைசேஷன். இதைச் செய்வது யூராலஜி டாக்டர் இல்லை, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி டாக்டர். தொடை இடுக்கிலோ கழுத்திலோ மரத்துப்போக ஊசி போட்டு, சிரைக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இடது சிறுநீரகச் சிரை வரை கொண்டுபோவார்கள். அங்கே சாயத்தைச் செலுத்தி, "மூச்சைப் பிடித்து முக்குங்கள்" என்பார்கள். மேலே போக வேண்டிய சாயம் கீழ்நோக்கி வழிந்து இறங்குவது திரையில் கறுப்பாகத் தெரியும். நோய் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் இடம் அது. அந்த வழியில் உலோகச் சுருள்களையோ, சிரையின் சுவரை ஒட்டவைக்கும் நுரை மருந்தையோ, பசையையோ வைத்து அடைத்துவிட்டு வருவார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம், இரண்டொரு நாளில் வேலைக்கும் போகலாம். நிணநீர்க் குழாய்ப் பக்கமே போகாததால் ஓதத்துக்கு வழியில்லை. தமனியை அறுத்துவிடும் பயமும் இல்லை.

குறைகளும் உண்டு. சிலருக்குக் குழாய் போய்ச் சேரவே சேராது, குறிப்பாக வலப்பக்கம். 2009 தொகுப்பில் எம்போலைசேஷனுக்குப் பிறகு திரும்ப வந்தது 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கருவிகளும் கைத்திறனும் அதற்குப் பிறகு முன்னேறியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு சிறிய அளவில் உண்டு. என்னைக் கேட்டால், ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் செய்து திரும்ப வந்தவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய வழி இதுதான். தழும்பு விழுந்த இடத்தில் மறுபடி கத்தி வைப்பதைவிட, தப்பிய சிரை எது என்று சாயம் விட்டுப் பார்த்து அதை மட்டும் அடைப்பது சுலபம். முழு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பொருந்தும். முதல்முறை, இரண்டு பக்கமும், நல்ல மைக்ரோசர்ஜரி கை பக்கத்திலேயே இருக்கிறது என்றால் அந்தக் கைக்குத்தான் என் ஓட்டு.

ஒரே ஆதாரம், இரண்டு தீர்ப்பு

சரி, சிரையை அடைத்தால் குழந்தை பிறக்குமா? ரிப்போர்ட்டில் எண் ஏறுவதைப் பற்றி அதிகம் சண்டை இல்லை. சண்டை எல்லாம் இதில்தான். நம்பிக்கை பிறந்த இடம் எடின்பரோ. டல்லக் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விந்தில் அணுவே இல்லாத ஒருவருக்கு இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்தார், பிறகு அவர் மனைவி கருத்தரித்தார் என்று 1952இல் எழுதினார். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஆபரேஷன்கள் பெருகின. ஆதாரம் அந்த வேகத்தில் பெருகவில்லை.

1998இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் நீஷ்லாக் குழுவினர் 125 தம்பதிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சிரையை அடைத்தார்கள். மறு பாதிக்கு ஆலோசனை மட்டும், அதாவது தொடர்ந்து வரவழைத்து, கருத்தரிக்கும் நாட்களை விளக்கி, மனைவியின் பிரச்சினைகளையும் கவனித்தார்கள். ஒரு வருடத்தில் கருத்தரித்தவர்கள் முதல் பாதியில் 29 சதவீதம், இரண்டாம் பாதியில் 25 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம். 2011இல் சவூதி அரேபியாவில் அப்தெல் மெகீத் குழுவினர் 145 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மைக்ரோசர்ஜரி செய்துகொண்டவர்களில் சுமார் 33 சதவீதம் பேருக்கும், சும்மா விட்டவர்களில் 14 சதவீதம் பேருக்கும் இயற்கையாகக் கரு தங்கியது. இது தெளிவான வித்தியாசம்.

இந்த இழுபறியில்தான் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலில், குழந்தைக்காக என்று வெரிகோசீல் ஆபரேஷன் செய்ய வேண்டாம் என்றது. கடல் தாண்டினால் அமெரிக்கச் சங்கங்கள் செய்யலாம் என்கின்றன. யாரோ ஒருவர் விலைபோய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். பழைய தொகுப்புகளில் கலந்திருந்த ஆய்வுகளில் சிலவற்றில், கையில் தட்டுப்படாத வெரிகோசீல்காரர்களையும், ரிப்போர்ட் சரியாகவே இருந்த ஆண்களையும் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனால் எந்தப் பலனும் கிடைக்க வாய்ப்பில்லாத ஆட்களைக் கூட்டத்தில் சேர்த்து எண்ணினால் சராசரி தானாகவே தேயும். தட்டுப்படும் வெரிகோசீலும் கெட்ட ரிப்போர்ட்டும் உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்தால் பலன் தெரிகிறது. ஆனால் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் ஆய்வுகள் குறைவு, சிறியவை.

2021 காக்ரேன் தொகுப்பு நடுவில் நிற்கிறது. சும்மா விட்டால் 100 தம்பதிகளில் 21 பேருக்குக் கரு தங்கும் என்றால், சிகிச்சை செய்தால் 22 முதல் 48 பேருக்குத் தங்கலாம் என்பது அதன் கணக்கு. அந்த அகலத்தைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் ஒரே ஒரு தம்பதிதான் கூடுதல், மறு ஓரத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். ஆதாரத்தின் தரம் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இதற்கு மேல் அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும், எதையோ விற்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எதுவும் செய்யாமலே 21 பேர். மியூன்ஸ்டரில் வெறும் ஆலோசனைக்கே நான்கில் ஒருவர். கல்யாணமாகி எட்டு மாதத்தில், வீட்டில் கேட்கிறார்கள் என்பதற்காக ஆபரேஷன் டேபிளில் ஏறுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை படிக்க வேண்டும்.

மனைவியின் வயது

வெரிகோசீலைப் பற்றிய பேச்சில் பாதி, கணவரின் உடம்பைப் பற்றியதே இல்லை. விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதம் போல ஆகும். அதனால் ஆபரேஷனின் பலன் மூன்றாம் மாதத்துக்கு முன்னால் தெரியாது, முழுப் பலன் தெரிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அப்புறம் இயற்கையாக முயல ஒரு வருடம். ஆக, ஆபரேஷன் என்று முடிவெடுக்கும் தம்பதி ஒன்றரை வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மனைவிக்கு 27 வயது, கருக்குழாய்கள் திறந்திருக்கின்றன, கருமுட்டை இருப்பு நன்றாக இருக்கிறது என்றால் அந்த ஒன்றரை வருடம் ஒரு விலையே இல்லை. கணவருக்குத் தட்டுப்படும் வெரிகோசீல், ரிப்போர்ட்டில் நடுத்தரக் குறை. இவர்களை எடுத்த எடுப்பில் இக்ஸிக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. இக்ஸியில் ஊசியும் மருந்தும் மயக்கமும் மனைவிக்கு. குறை கணவருக்கு, பாடு மனைவிக்கு. ஆபரேஷன் பலித்தால் இந்தக் குழந்தைக்கு மட்டுமில்லை, அடுத்ததற்கும் சேர்த்தே பலிக்கும்.

அதே ரிப்போர்ட், மனைவிக்கு 37 வயது, முட்டை இருப்பு குறைவு என்றால் கதை தலைகீழ். அந்த ஒன்றரை வருடத்தில் கணவரின் எண்ணிக்கையில் ஏறுவதைவிட மனைவியின் முட்டைகளில் இழப்பது அதிகம். 1992இல் பெல்ஜியத்திலிருந்து வந்த இக்ஸிக்கு ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும். அங்கே போய்ச் சிரையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது வீண். இக்ஸி மையத்தார் சொல்வது இவர்களுக்கு முழுக்கச் சரி. கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தாலும் அப்படியே. எப்படியும் ஐவிஎஃப் போகத்தான் வேண்டும் எனும்போது வெரிகோசீல் ஆபரேஷன் முதல் வேலை ஆகாது. நடுவில், மனைவிக்கு 33, 34 என்று இருப்பவர்களுக்குத்தான் உண்மையான இக்கட்டு. அங்கே மனைவியின் ஏஎம்ஹெச் ரிப்போர்ட்டையும் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கணவரின் பெருக்கல் கணக்கையும் ஒரே மேஜையில் வைத்து, யூராலஜி டாக்டரும் குழந்தையின்மை டாக்டரும் பேசிக்கொண்டால் நல்லது. நடைமுறையில் தம்பதிதான் இரண்டு ஆஸ்பத்திரிக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

விந்தில் அணுவே இல்லாதவர்கள் நிலை தனி. அடைப்பில்லை, உற்பத்தியே குறைவு, கூடவே வெரிகோசீல் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பகுதியினருக்கு விந்தில் சில அணுக்களாவது தென்பட்டிருக்கின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு இல்லாத ஆய்வுகளே அதிகம் என்பதால், உறுதியான ஆதாரம் இல்லை என்று தம்பதியிடம் சொல்லிவிட்டே பேச வேண்டும் என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல். மரபணுப் பரிசோதனையும் ஹார்மோன் பரிசோதனையும் முதலில். விரையிலிருந்தே அணுவைத் தேடி எடுக்கும் வழி அதற்குப் பிறகும் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு விந்தில் நாலு அணு தென்பட்டாலும் உடனே உறையவைத்துச் சேமித்துவிடுவது புத்திசாலித்தனம், அவை மறுபடி காணாமல் போகலாம்.

மாத்திரைகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பழுதான வால்வைச் சரிசெய்யும் மாத்திரையோ லேகியமோ கிடையாது. லாட்ஜில் ரூம் போட்டு மாதத்தில் இரண்டு நாள் பார்க்கும் வைத்தியர்களிடமும் கிடையாது. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் 2,370 ஆண்கள் கலந்துகொண்டார்கள். 2020இல் முடிவு வந்தது: ரிப்போர்ட்டும் மாறவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. ஆனாலும் வண்ண வண்ணப் பாட்டிலில் அது விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "ஆம்பளைச் சத்து குறைவு" என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வதோ, ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியை ஏற்றிக்கொள்வதோ விந்தணு உற்பத்தியை நிறுத்தியே விடும். ரிப்போர்ட்டில் அணு இல்லை என்று வந்து நிற்கும் இளைஞர்களில் சிலரிடம் வெரிகோசீலைவிட முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். சிகரெட்டை விடுவதற்கு ஆய்வு எதுவும் காட்ட வேண்டியதில்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகு நடப்பது ரொம்ப சாதாரணம். அன்றோ மறுநாளோ வீடு, ஒரு வாரத்தில் அலுவலகம், பைக்கும் பளு தூக்குவதும் மூன்று நான்கு வாரம் கழித்து. விதைப்பை கொஞ்சம் கன்றிப் போயிருக்கும், பயப்பட வேண்டாம். முதல் விந்துப் பரிசோதனை மூன்றாம் மாதம். அதில் எண் ஏறவில்லை என்று அன்றைக்கே மனம் உடைய வேண்டாம், ஆறாம் மாதம் இன்னொன்று இருக்கிறது. அப்போதும் ஏறவில்லை என்றால், மறுபடி நிற்கவைத்து மூச்சைப் பிடிக்கச் சொல்லித் தொட்டுப் பார்ப்பார்கள். திரும்ப வந்திருந்தால் ரேடியாலஜி அறை. வரவில்லை, ஆனாலும் எண் அப்படியே இருக்கிறது என்றால், சிரையை விட்டுவிட்டு ஐயூஐயா இக்ஸியா என்று பேச ஆரம்பிக்க வேண்டியதுதான். மனைவியின் ஏஎம்ஹெச் பரிசோதனையை அதற்குள் ஒருமுறை திரும்ப எடுத்து வைத்திருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.